தொட்டிக்கு விதைக் கன்றே போதும்

மாடியிலோ வாசலிலோ தொட்டி வைத்து எலுமிச்சை வளர்க்க விரும்பும் நண்பர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, ஒட்டுக்கன்று எங்கே நன்றாகக் கிடைக்கும் என்பதைத்தான். வாங்க வேண்டாம், தெரிந்தவர் வீட்டு மரத்திலிருந்து மஞ்சளாகப் பழுத்து உதிர்ந்த பழம் ஒன்றைக் கேட்டு வாங்கி அதன் விதையை ஊன்றுங்கள் என்று சொன்னால் அவர்கள் முகம் சுருங்கிவிடுகிறது. விதைக் கன்று காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகுமே, அதுவரை யார் காத்திருப்பது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். வேளாண் துறையினரும் தோட்டக்கலை நூல்களும் இதில் நண்பர்கள் பக்கமே நிற்கின்றன என்பதையும் அறிவோம். இருந்தும், பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரே எலுமிச்சையைத் தொட்டியில் வைத்துப் பார்த்துவரும் எங்களுக்கு வேறு விதமாகச் சொல்லத் தோன்றுகிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் இருவரும் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். ஊர் அனுமந்தன்பட்டி. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் செல்லும் சாலையில், இருபுறமும் மலை தெரிய, நடுவே முல்லைப் பெரியாற்றின் வாய்க்கால்கள் ஓடும் ஊர். 1895இல் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்ட பிறகு இந்தப் பள்ளத்தாக்கின் தலையெழுத்தே மாறியது. இன்றும் ஜூன் மாதம் தண்ணீர் திறப்பதென்றால், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்கு என்று கணக்குச் சொல்லித்தான் திறக்கிறார்கள். நெல், தென்னை, வாழை, திராட்சை என்று எதை ஊன்றினாலும் வரும் மண் இது. இப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு எலுமிச்சையைத் தொட்டியில் வளர்ப்பதா என்று வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். மண் நல்ல மண்தான். எங்கள் பங்குக்கு வந்ததில் மண் இல்லை என்பதுதான் விஷயம்.

எங்கள் பழைய வீட்டின் கொல்லையில், துவைகல்லை ஒட்டி ஓர் எலுமிச்சை மரம் இருந்தது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. துவைத்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அதன் தூருக்குப் போகும். அதைத் தவிர யாரும் எதுவும் செய்ததாக நினைவில்லை. அது பாட்டுக்குக் காய்த்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பானகம், அம்மாவின் ஊறுகாய்ச் சாடி, ஆயுத பூசைக்குச் சைக்கிள் சக்கரத்தடியில் வைப்பது, சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் புறப்படும் அக்கம்பக்கத்தாருக்கு மாலை கட்ட என்று தெருவே அந்த மரத்தில் உரிமை கொண்டாடியது. 2014இல் பாகப்பிரிவினை ஆனது. சுவர் எழுப்ப வேண்டிய கோடு சரியாக மரத்தின் மேல் போயிற்று. சுவரை ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கலாம். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதில்தான் அண்ணன் தம்பிகளுக்குள் ஒப்புதல் ஏற்படவில்லை. மரத்தை வெட்டுவதில் உடனே ஒப்புதல் ஏற்பட்டது.

வெட்டிய அன்று அம்மா எதுவும் பேசவில்லை. மாலையில் கீழே கிடந்த கிளைகளுக்குள் கையை விட்டு, முள் கீறியதையும் பாராமல், பழுத்த பழங்களை மட்டும் முந்தானையில் பொறுக்கிக்கொண்டு வந்தார். அவற்றில் ஒன்றைப் பிழிந்து, ஆறு விதைகளைத் தண்ணீரில் அலசி, ஓரம் உடைந்த பழைய மண்சட்டி ஒன்றில் ஊன்றினார். எலுமிச்சை விதையைக் காயவைத்துப் பிறகு ஊன்றலாம் என்றிருந்தால் முளைப்புத் திறன் போய்விடும், ஈரத்தோடே ஊன்ற வேண்டும் என்பதை நாங்கள் பின்னால்தான் படித்தோம். அம்மாவுக்கு அது தெரிந்திருந்ததா, அல்லது அன்று இரவே ஊன்றிவிட வேண்டும் என்ற தவிப்பா, கேட்டதில்லை.

ஒரு மாதம் கழித்துச் சட்டியில் எண்ணினால் ஒன்பது முளைகள். விதை ஆறு, முளை ஒன்பது. அம்மா இதைக் கௌமாரியம்மன் கணக்கில் சேர்த்துவிட்டார். கல்லூரியில் தாவரவியல் துறை நண்பரிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. எலுமிச்சை வகைகளில் பலவற்றிலும் ஒரே விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கும் என்றார். 1719இலேயே டச்சுக்காரரான லேவன்ஹூக் ஆரஞ்சு விதை ஒன்றைப் பிளந்து அதனுள் இரண்டு கருக்கள் இருப்பதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கருக்களில் மகரந்தச் சேர்க்கையால் உண்டாவது ஒன்றே. மற்றவை, சூலைச் சூழ்ந்திருக்கும் தாயின் திசுவிலிருந்தே நேரடியாக எழுபவை என்பதை 1878இல் ஜெர்மானியத் தாவரவியலர் ஸ்ட்ராஸ்புர்கர் விளக்கினார். அவற்றுக்குத் தந்தை இல்லை. பதியன் போட்டு எடுத்த கிளை எப்படித் தாய் மரத்தின் படியோ, அப்படியே இந்த முளைகளும் தாய் மரத்தின் படி.

இதைக் கேட்டபோது எங்களுக்கு ஏற்பட்ட உணர்ச்சியை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. வெட்டப்பட்ட மரத்தின் வாரிசு அல்ல, பெரும்பாலும் அந்த மரமேதான் சட்டியில் முளைத்து நிற்கிறது. 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புளிப்பு எலுமிச்சையில் எல்லா முளைகளும் தாயின் படியாக இருப்பதில்லை, சேர்க்கையால் பிறந்தவையும் இடையே கலந்திருக்கும். ஒன்பதில் ஏழு ஒரே உயரத்தில், ஒரே இலையமைப்போடு நின்றன. ஒன்று குட்டையாக, மற்றொன்று இலைக் காம்பின் சிறகு அகன்று இருந்தன. தனித்து நிற்பவற்றை நீக்கிவிட்டு ஒத்தவற்றை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் நண்பர். நாற்றங்கால் வைத்திருப்போர் காலங்காலமாகச் செய்துவருவதும் இதுவே.

இங்கேதான் எங்கள் வாதத்தின் முதல் பகுதி தொடங்குகிறது. ஒட்டுக்கன்றை ஆதரிப்போர் சொல்லும் முதன்மைக் காரணம், விதைக் கன்று தாயைப் போல இருக்காது என்பது. மாவுக்கும் பலாவுக்கும் பொதுவாக அது சரி. பம்பளிமாசுக்கும் சரி, அதன் விதையில் கரு ஒன்றுதான். நம் வீட்டுப் புளிப்பு எலுமிச்சைக்கு மட்டும் அந்தக் காரணம் பெரிதும் பொருந்தாது. எந்த மரத்தின் பழத்தை விரும்புகிறோமோ அந்த மரத்தையே விதை நமக்குக் கொடுத்துவிடுகிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்ற எலுமிச்சை இரகமும் கடையம் பகுதி நாட்டு வகையிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டதே. (கடையம் என்றதும் இலக்கிய வாசகர்களுக்குச் செல்லம்மாவின் ஊராகவும், 1918இல் சிறைமீண்ட பாரதி வந்து தங்கிய ஊராகவும்தான் நினைவு வரும். எலுமிச்சைக்காரர்களுக்கு அது வேறு காரணத்துக்காகத் திருத்தலம்.)

இரண்டாவது காரணம் நோய். கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில் ஒருகாலத்தில் கமலா ஆரஞ்சு பெயர் பெற்றிருந்தது. பிறகு மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து, இலை வெளுத்து, கூட்டம் கூட்டமாக நலிந்தன. அதற்குக் காரணமாகச் சொல்லப்படுபவற்றுள் டிரிஸ்டீசா என்ற வைரஸும், பச்சையாதல் என்று அழைக்கப்படும் பாக்டீரிய நோயும் முக்கியமானவை. அமெரிக்காவின் புளோரிடாவில் 2005இல் இந்தப் பச்சையாதல் நோய் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பிருந்த ஆரஞ்சு விளைச்சலில் பத்தில் ஒரு பங்குகூட இப்போது அங்கே இல்லை. இந்த நோய்கள் பூச்சியால் பரவுகின்றன, ஒட்டுக் கட்டும் குச்சியாலும் பரவுகின்றன. விதையால் பரவுவதில்லை. தாய் மரம் நோய்ப்பட்டிருந்தாலும் சூல்திசுவிலிருந்து எழும் முளை பெரும்பாலும் அந்தச் சுமையில்லாமல் புதிதாகத் தொடங்குகிறது. எந்த மரத்துக் குச்சியை எடுத்து ஒட்டினார்கள் என்று தெரியாத, லாரியில் வந்து இறங்கும் கன்றைக் காட்டிலும் பக்கத்து வீட்டுப் பழத்தின் விதை நம்பத்தக்கது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். காயோடு விற்கப்படும் தொட்டிக் கன்றைப் பார்த்து மயங்காதவர் இல்லை. 2022 ஏப்ரலில் எலுமிச்சை விலை நாடெங்கும் தாறுமாறாக ஏறி, பல நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது எங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே நால்வர் அப்படிக் காயோடு வாங்கி வந்தார்கள். அந்தக் காய்களைப் பறித்ததோடு சரி. வேரைச் சுற்றியிருந்த களிமண் உருண்டை இறுகிக் கல்லாகி, மேலே ஊற்றிய நீர் ஓரமாக வழிந்தோட, உள்ளே வேர் வறண்டு மூன்று கன்றுகள் போயின.

விதைக் கன்றின் குறையையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தாயின் படியாக இருந்தாலும் அது குழந்தையாகவே தொடங்குகிறது. வெட்டப்பட்ட மரத்தின் மேல்கிளைகளில் முள் குறைந்து போயிருந்தது. சட்டியில் வந்ததோ உடம்பெல்லாம் முள். முதுமரத்தின் குணம் அனைத்தும் அதற்குள் இருந்தும், இளமையை முழுவதும் மறுபடி வாழ்ந்து தீர்க்காமல் பூக்க மறுக்கிறது. நிலத்தில் நான்கைந்து ஆண்டில் பூக்கும் என்கிறார்கள். தொட்டியில் வேருக்கு இடம் குறைவு, வளர்ச்சி மெது. எங்களுடையது எட்டாம் ஆண்டில்தான் பூத்தது.

அந்த எட்டு ஆண்டுகளில் நாங்கள் கற்றதை மரம் வளர்ப்பு என்று சொல்வதைவிடக் கையை அடக்குவது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். எங்கள் ஊர் திராட்சை ஊர். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832இல் தமிழகத்தில் அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சை, இந்தப் பள்ளத்தாக்கின் பந்தல்களில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடையில் இருக்கும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திராட்சைக்காரர் கை ஓயாத கை. கவாத்து வெட்டு, இலை உருவு, கொடி கட்டு, மருந்தடி, தண்ணீர் விடு என்று ஏதாவது செய்துகொண்டே இருக்கும். கவாத்து வெட்டினால் ஏறத்தாழ நான்கு மாதத்தில் குலை. இந்தப் பழக்கம் ஊரின் காற்றிலேயே கலந்திருக்கிறது. வாத்தியார் வீட்டிலும் கத்தரிக்கோல் இருக்கும். இரண்டாம் ஆண்டில் எங்கள் கன்றின் நுனியை அழகாக வெட்டிவிட்டோம். திராட்சைக் கொடி வெட்டுக்குப் பதில் பூவால் சொல்லும். எலுமிச்சையோ முள்ளால் சொன்னது. காய்ந்த குச்சி, தூரிலிருந்து நெட்டையாக எழும் போத்து, ஒன்றோடொன்று உரசும் கிளை, இவற்றைத் தவிர எலுமிச்சையில் வெட்டுவதற்கு எதுவுமில்லை என்பது பிறகு தெரிந்தது. அதுவும் இளமரத்தை வெட்ட வெட்டப் பூக்கும் பருவம் தள்ளிப் போகும்.

தண்ணீரில் செய்த தவறு இதைவிடப் பெரிது. ஏழு கன்றுகளில் மூன்றை உறவினர்களுக்குக் கொடுத்தோம். நான்கைத் தனித்தனித் தொட்டியில் வைத்து வாசலில் வரிசையாக நிறுத்தினோம். தரை கறைபடாமலிருக்க அடியில் தட்டு. காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு. மூன்றாம் ஆண்டில் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. வாடுகிறதே என்று நண்பகலிலும் ஒரு செம்பு சேர்த்தோம். பக்கத்துத் தெருவில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர், எங்களுக்கு மாமா முறை, ஒரு நாள் பார்த்துவிட்டு நின்றார். தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்தார்.

“ஏன் மாப்ள, தாகத்துக்கு மட்டுமா இலை மஞ்சளாகும்? மூச்சு முட்டுனாலும் ஆகும்ல?”

“வாடித் தொங்குதே மாமா, அதான் ஊத்துனோம்.”

“அழுகுன வேரு எப்படித் தண்ணி குடிக்கும்? மொதல்ல அந்தத் தட்டத் தூக்கி எறிங்க. சட்டிக்குக் கீழ ரெண்டு செங்கலக் கொடுங்க. அம்மாகிட்டச் சொல்லிட்டேன்னு வச்சுக்கங்க, இனிமே ரெண்டு வெரக்கட உள்ள காய்ஞ்சாத்தான் தண்ணி.”

நான்கில் இரண்டு அதற்குள் போய்விட்டிருந்தன. பிடுங்கிப் பார்த்தபோது வேரின் தோல் கையோடு உரிந்து வந்தது, சாக்கடை வாடை. கொல்லையில் துவைத்த தண்ணீர் நாள் முழுவதும் பாய்ந்தும் அந்தப் பழைய மரத்திற்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அம்மா கேட்டார். அந்தத் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. தொட்டித் தண்ணீருக்குப் போக்கிடம் ஓட்டை ஒன்றுதான், அதையும் நாங்கள் தட்டு வைத்து அடைத்திருந்தோம். எலுமிச்சையின் வேர் காற்று இல்லாத ஈரத்தைத் தாங்காது. ஒட்டுக்கன்றின் பக்கம் இன்னொரு வலுவான வாதம் உண்டென்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வேரழுகலைத் தாங்கும் வேர்ப்பகுதி மேல் விருப்பமான இரகத்தை ஒட்டலாம் என்பார்கள். வாய்க்கால் பாயும் நிலத்தில் அது பெரும் நன்மை. தொட்டியில் வடிகாலும் செங்கலும் அந்த வேலையைச் செய்துவிடும்.

எஞ்சிய இரண்டில் ஒன்றை மாமாவே தம் தோட்டத்து வேலியோரம் நட்டுக்கொண்டார். எங்களிடம் நிற்பது ஒன்று.

தொட்டியில் எலுமிச்சை வளர்ப்பது நம் ஊர்ப் பழக்கமல்ல. அது குளிர்நாட்டாரின் தேவையிலிருந்து பிறந்தது. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் பதினான்காம் லூயிக்காக 1684க்கும் 1686க்கும் இடையில் கட்டப்பட்ட ஆரஞ்சு மண்டபம், பனிக்காலத்தில் மரங்களை உள்ளே வைத்துக் காப்பதற்கானது. மரப்பெட்டிகளில் நிற்கும் ஆரஞ்சு மரங்களை வெயில் வந்ததும் வெளியே கொண்டுவந்து நிறுத்தி, குளிர் தொடங்கியதும் உள்ளே கொண்டுபோவார்கள். இன்றும் அங்கே அது நடக்கிறது. அந்தப் பெட்டிகளின் பக்கப்பலகைகளைக் கழற்றலாம். மரத்தை அசைக்காமல் வேரைச் செதுக்கிப் புது மண் இடுவதற்கான ஏற்பாடு அது. அந்த மரத்தின் பெயரும் இங்கிருந்து போனது என்பார்கள். நாரங்காய் என்பதுபோன்ற ஒரு திராவிடச் சொல் வடமொழியில் நாரங்கமாகி, பாரசீகம், அரபு வழியே ஐரோப்பா போய் ஆரஞ்சாயிற்று என்பது மொழியியலார் பலரின் கருத்து. அவர்களுக்குப் பனி. எங்களுக்குப் பனி இல்லை, பாகப்பிரிவினை உண்டு. தேவை எதுவாயினும் தொட்டி மரத்தின் நிலை ஒன்றே: நிலத்து மரம் தனக்கு வேண்டியதைத் தேடிப் போகும், தொட்டி மரத்தால் போக முடியாது.

வெர்சாய்க்காரர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது வேர் செதுக்குவதை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, கோடை கழிந்து காற்று ஈரமாகும் வேளையில், தொட்டியைச் சாய்த்து மண் உருண்டையோடு வெளியே எடுக்கிறோம். சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் வெளிவேரை இரண்டு விரற்கடை அளவுக்குச் சீவிவிட்டுப் புது மண் இட்டு, அதே தொட்டியிலேயே வைக்கிறோம். இப்போது அது பதினெட்டு அங்குல வாயுள்ள சிமெண்ட் தொட்டியில் நிற்கிறது. மண் பாதிக்குச் செம்மண், மீதியில் ஆற்று மணலும் நன்கு மக்கிய தொழு உரமும். தென்னைநார்க் கழிவு இலேசாக இருக்கிறதென்று பலரும் சேர்க்கிறார்கள். கழுவாமல் சேர்த்தால் அதிலிருக்கும் உப்பு எலுமிச்சைக்கு ஆகாது. தண்டு மண்ணோடு சேரும் இடத்தை எருப் போட்டு மூடக் கூடாது.

உப்பு என்றதும் நினைவுக்கு வருவது எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீர். ஐந்தாம் ஆண்டில் தொட்டியின் விளிம்பில் வெள்ளை பூத்தது. கூடவே துளிர் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. எரு போதவில்லை என்று நினைப்பதே இயல்பு. எரு போதாவிட்டால் முதலில் வெளுப்பது பழைய இலை. துளிர் வெளுத்தால் இரும்பு அல்லது துத்தநாகக் குறை, அதுவும் பெரும்பாலும் மண்ணில் இல்லாததால் அல்ல. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீர் மண்ணைக் காரமாக்கிவிட, இருக்கும் சத்தையே வேரால் எடுக்க முடியாமல் போவதுதான் நோய். ஒரு லிட்டர் நீரில் ஐந்து கிராம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்துத் துளிரின் மேல் தெளிக்கச் சொன்னார்கள், தெளித்தோம். அதைவிட நன்றாக வேலை செய்தது ஐப்பசி மழை. மொட்டைமாடித் தண்ணீரை ஒரு ட்ரம்மில் பிடித்து, தொட்டியின் அடியோட்டையில் தெளிவாக வடியும்வரை ஊற்றினோம். தை மாதத் துளிர் பச்சையாக வந்தது.

மருந்தடிப்பதைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் கோபம் வருகிறது. துளிர் விடும்போதெல்லாம் கறுப்பும் மஞ்சளும் கலந்த ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து இலைநுனியில் ஒற்றை ஒற்றையாக முட்டையிடும். புழு முதலில் காக்கை எச்சம்போல் இருக்கும். வளர்ந்தபின் இலைப்பச்சை. தொட்டால் தலையிலிருந்து கொம்பு நீட்டி நாறும். சிறிய கன்றாயிருந்தால் நான்கு புழு ஒரு வாரத்தில் மொட்டையாக்கிவிடும். இதற்கு இந்தப் பள்ளத்தாக்கில் மருந்துக் கடைக்குப் போவதுதான் வழக்கம். காலையில் நடக்கப் போனால் எந்தப் பந்தலிலிருந்தோ வரும் மருந்து வாடை தொண்டையைப் பிடிக்கிறது. திராட்சைக்காரர்களுக்கு அவர்கள் கடன் தெரியும், அவர்களைக் குறை சொல்ல மாதச் சம்பளக்காரர்களான எங்களுக்கு வாய் இல்லை. வாசலில் ஒற்றைத் தொட்டி வைத்திருப்பவருக்கு என்ன கடன்? நாலு புழுவைக் கையால் எடுக்க முடியாதா? குழந்தைகள் விளையாடும் வாசலில், நாளை இரசத்தில் பிழியப் போகும் பழத்தின் மேல், தோட்டத்தில் மீந்த மருந்தைக் கலந்து அடிக்கிறோம் என்பது எங்களுக்குப் புரியவே இல்லை. கறிவேப்பிலை, வில்வம், விளா, முல்லை நிலத்துக் குருந்து எல்லாமே எலுமிச்சையின் குடும்பம். எங்கள் வீட்டில் புழுக்களை எடுத்து வாசலுக்கு எதிரே இருக்கும் வில்வத்தில் விடுகிறோம். இலைக்குள் வெள்ளிக்கோடு போடும் பூச்சிக்கு வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலந்து தெளிப்பதோடு சரி. எறும்பு ஏறினால் மட்டும் கவனம் வேண்டும், மாவுப்பூச்சி எங்கோ இருக்கிறது என்று பொருள். எலுமிச்சைக்கென்றே உள்ள சொறி நோய் மழைக்காலத்தில் சில இலைகளில் வரும், அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடுவோம்.

2022 தை மாதம், பதினைந்து நாள் அடை மழையும் இல்லாமல் தண்ணீரும் ஊற்றாமல் ஊருக்குப் போய்விட்டு வந்தோம். இலைகள் சற்றே சுருண்டிருந்தன. குற்றவுணர்வோடு நிறைய ஊற்றினோம். மூன்று வாரத்தில் மொட்டு. எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தி வாடவிட்டுப் பிறகு பாய்ச்சுவார்கள் என்பதை அறிந்தது அப்போதுதான். எட்டு ஆண்டுகளாக ஊற்றியதற்கு அது பூக்கவில்லை.

அந்தப் பூவில் ஒரு சிறு கொத்தை எங்களில் ஒருவர் வகுப்புக்கு எடுத்துப் போனார். குறிஞ்சிப்பாட்டின் பூக்களை நடத்தும் நாள். அந்த வரிசையில் நரந்தம் என்றொரு பூ வருகிறது. நாரத்தம்பூ என்று உரை சொல்வாருண்டு, நறும்புல் என்று கொள்வாருமுண்டு. புறநானூற்றில் அதியமானை இழந்த ஔவையின் பாட்டிலும் அந்த மணம் வருகிறது. இளங்கலை இரண்டாம் ஆண்டு, நாற்பது பேர், பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். எலுமிச்சைப் பூவை முகர்ந்தவர்கள் கைதூக்குங்கள் என்றால் தூக்கியவை மூன்று கைகள். எலுமிச்சம்பழம் அறியாதவர் ஒருவருமில்லை. கொத்து கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசைக்குப் போவதற்குள் இதழ் உதிர்ந்து காம்பு மட்டும் மிஞ்சியது. கடைசி வரிசைப் பெண் தன் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, “கையிலயே இருக்கு மேடம்” என்றாள். ஔவையின் பாட்டில் நரந்தம் மணப்பதும் கையில்தான். அந்த இடத்துக்கு அன்று உரை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காயோடு வாங்கி வந்த கன்றிலும் பூ வந்திருக்கும், அதையும் வகுப்புக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். வாடகை வீட்டில் இருப்பவர், இரண்டு ஆண்டில் மாற்றலாகிப் போகிறவர், வயதானவர், இவர்களிடம் விதையைப் போட்டு எட்டு ஆண்டு காத்திருங்கள் என்று சொல்வது ஈவிரக்கமற்ற செயல். அவர்கள் நல்ல பதியன் கன்று ஒன்றை வாங்கி, களிமண் உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துவிட்டு நடட்டும். ஆனால் சொந்த வீடும், கேட்டால் பழம் கொடுக்க ஒரு மரமும் உள்ளவர்கள் ஏன் அவசரப்பட வேண்டும் என்பதே எங்கள் கேள்வி. இந்தப் பள்ளத்தாக்கில் கொல்லைகள் ஒவ்வொன்றாகச் சுவராகி வருகின்றன. துவைகல்லோரத்து எலுமிச்சைகளுக்குப் பெயரும் இல்லை, ஆராய்ச்சி நிலையப் பதிவும் இல்லை. வெட்டினால் போயிற்று. அந்த மரத்தையே மறுபடி தரும் விதையைப் பிழிந்த தோலோடு குப்பையில் போட்டுவிட்டு, எங்கிருந்தோ வரும் கன்றுக்கு முன்னூறு ரூபாய் கொடுக்கிறோம்.

அம்மாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. முதல் காய்ப்பில் வந்தது பதினொரு பழம். தோல் மெல்லியது, சாறு அதிகம், துவைகல் மரத்தின் புளிப்பு. அம்மா ஒன்றை நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “அதுதான்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு மூன்று பழம் கொடுத்தனுப்பினார். பழத்தோடு விதை எத்தனை போயிற்று என்று நாங்கள் எண்ணவில்லை. இந்த ஆண்டு வேர் செதுக்கும் முறை. ஜூன் மாதம் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் மாமா வந்து தொட்டியைச் சாய்க்கக் கைகொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.